சுங்குவார்சத்திரத்துச் சிரப்பும் நம் மருந்துப் பண்டகசாலையும்



உங்களில் பலர் காணிக்கையோடு அனுப்பும் சீட்டில் "மருந்துக்காக" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புகிறீர்கள். ஏழைப் பிணியாளி ஒருவருடைய கையில் ஒரு புட்டி மருந்து போய்ச் சேருவதை மனக்கண்ணால் பார்த்துத்தான் அப்படி எழுதுகிறீர்கள். அந்தப் புட்டியை எங்கே செய்தார்கள், யார் சோதித்தார்கள், எந்த அலமாரியில் எத்தனை நாள் இருந்தது, எந்தக் குழந்தைக்கு எத்தனை மில்லி ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காட்சியில் வருவதில்லை. இந்த இதழின் படிப்புப் பகுதியில் அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறோம். காரணம் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோன ஒரு சளி மருந்து, வேறெங்கோ அல்ல, நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் தயாரிக்கப்பட்டது.

நடந்தது என்ன?

காஞ்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குச் சுங்குவார்சத்திரம் தெரிந்த ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருகிறது. அங்கே 2011-ல் உரிமம் பெற்ற ஸ்ரீசன் பார்மசூட்டிகல் என்ற சிறிய ஆலை, "கோல்ட்ரிஃப்" என்ற பெயரில் குழந்தைகளுக்கான சளி மருந்தைச் செய்து விற்றது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமைன் என மூன்றும் சேர்ந்த இனிப்பான சிரப்பு அது. இப்படிப்பட்ட கலவைச் சிரப்புகள் நம் நாட்டு மருந்துக் கடைகளில் எத்தனையோ பெயர்களில் இருக்கின்றன.

2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா மாவட்டத்துப் பாரசியா பகுதியில், குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள பிரதேசம் அது. முதலில் எல்லாருக்கும் வரும் சளியும் காய்ச்சலும்தான். மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். சில நாட்களில் வாந்தி வந்தது. பிறகு சிறுநீர் நின்றுபோனது. பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாநில எல்லையைக் கடந்து நாக்பூருக்கு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களில் அநேகர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். தண்ணீரில் கோளாறோ, எலியால் வரும் காய்ச்சலோ என்று தேடினார்கள். கடைசியில் சிறுநீரகத் திசுவைச் சோதித்தபோதுதான் இது கிருமியின் வேலை அல்ல, நஞ்சின் வேலை என்று தெரிந்தது.

அக்டோபர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேச அரசின் கடிதம் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆயுத பூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தி என்று விடுமுறை நாட்கள். ஆனாலும் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் அன்றே சுங்குவார்சத்திரம் சென்று மாதிரிகளை எடுத்தார்கள், விற்பனையையும் நிறுத்தினார்கள். சென்னையிலுள்ள அரசு ஆய்வகம் விடுமுறையைப் பாராமல் சோதித்துச் சொன்ன முடிவு இது: 2025 மே மாதம் தயாரான எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். ஐந்து மில்லி கொள்ளும் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் நஞ்சு. நாளைக்கு மூன்று வேளை வைத்தாலும், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் ஏழு கிராமுக்கு மேல் போகிறது. "கசக்காது, குடி கண்ணு" என்று தாய் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறாள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அக்டோபர் 3-ஆம் தேதி பகலில் மத்திய சுகாதார அமைச்சகம், அதுவரை சோதித்துப் பார்த்த மாதிரிகளில் இந்த நஞ்சு இல்லை என்று அறிவித்திருந்தது. அன்றிரவுதான் தமிழ்நாட்டு ஆய்வகத்தின் முடிவு போய்ச் சேர்ந்தது. எந்தப் புட்டியை எடுத்துச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. ஒரு தொகுதி நன்றாக இருப்பதால் அடுத்த தொகுதியும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு வந்த செய்திகளை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆலையில் 39 மிகக் கடுமையான குறைகளும் 325 பெரிய குறைகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அக்டோபர் 9-ஆம் தேதி உரிமையாளர் கைதானார். 13-ஆம் தேதி உரிமம் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் கோல்ட்ரிஃப் உட்பட மூன்று இந்தியச் சிரப்புகளைக் குறித்து எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. உரிமையாளருக்கு முன்பே, மருந்தை எழுதிக்கொடுத்த பாரசியா மருத்துவர் கைதானார். இந்திய மருத்துவச் சங்கம் அதைக் கண்டித்தது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு சிறு குழந்தைக்கு அந்தச் சிரப்பு தேவையா என்ற கேள்வி மருத்துவரைச் சேர்ந்ததே. அதற்குப் பின்னால் வருகிறோம்.

இனிப்பான நஞ்சு

பாரசிட்டமால் தண்ணீரில் எளிதாகக் கரையாது. ஆகவே சிரப்பு செய்கிறவர்கள் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். மருந்துக்கென்று சுத்தம் செய்யப்பட்ட அந்தத் திரவத்தால் கேடில்லை. அதைப் போலவே நிறமில்லாமல், கொழகொழவென்று, இனிப்பாக இருக்கும் மற்றொரு திரவம்தான் டைஎத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும், வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும் பயன்படுவது, விலை மலிவு. உடலுக்குள் போனதும் அது வேறொரு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்ணிய குழல்களை அழித்துவிடுகிறது. மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் நஞ்சென்று ஆரம்பத்திலேயே தெரிந்தால்தான் அது பயன்படும். சளிக்கு மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் நின்றால், அந்த மருந்தையே சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

மூலப்பொருள் ஆலைக்குள் வந்ததும் அதைச் சோதித்துப் பதிவு செய்துவிட்டுத்தான் கொப்பரையில் ஊற்ற வேண்டும் என்பது சட்டம். சுங்குவார்சத்திரத்தில் மருந்துத் தரமில்லாத கிளைக்காலை வாங்கியிருக்கிறார்கள், அதில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்காமலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வு அறிக்கை சொன்னது.

இது முதல் தடவையாக இருந்தால் அறியாமல் நடந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே, எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் பதினான்கு குழந்தைகள் இதே நஞ்சுக்குப் பலியானார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்திருந்தது, 1998-ல் குருகிராம், 2020-ல் ஜம்முவின் ராம்நகர். 2022-ல் இந்தியாவில் செய்த சிரப்பைக் குடித்துக் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு இந்தோனேசியாவில் இருநூறுக்கும் மேல்.

காம்பியாவுக்குப் பிறகு அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது. 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து, வெளிநாட்டுக்குப் போகும் இருமல் சிரப்பு எதுவானாலும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் பெற்ற பிறகே கப்பலேற வேண்டும். நல்ல கட்டளை. ஆனால் உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் அப்போது இல்லை. ஆப்பிரிக்கக் குழந்தைக்குப் போகும் புட்டியைத் திறந்து பார்த்தவர்கள், பாரசியாக் குழந்தைக்குப் போன புட்டியைத் திறந்து பார்க்கவில்லை. இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிற ஊர்

வெளியூரிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வந்த அனுபவம் உங்களில் அநேகருக்கு இருக்கும். சேலையை விரித்ததும் விவரமறிந்த பாட்டி முதலில் பார்ப்பது முந்தானையின் அழகை அல்ல. ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். வெள்ளி எவ்வளவு, பொன் முலாம் எவ்வளவு என்று கேட்பார். ஜரிகைக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இந்த ஊரில் 1970-களிலிருந்து இருந்துவருகிறது. நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். தறியிலிருந்து இறங்கிய சேலையை மறுபடி நிறுத்து வாங்குவார்கள். கிராம் கணக்குத் தப்பினால் கேள்வி வரும். தங்களை நம்பவில்லை என்று நெசவாளர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தொழிலின் ஒழுங்கு அப்படி.

மருந்தை நகத்தால் சுரண்டிப் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஒழுங்கு மருந்துக்கும் கூடும். கூடும் என்பதற்குச் சாட்சியும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மருந்து வாங்குகிறது. வந்த மருந்து மாவட்டக் கிடங்கில் தனியாக வைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, செய்தவர் யார் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாதபடி பெயரை மறைத்து அனுப்புவார்கள். தேறியது என்று பதில் வந்த பிறகே மருந்து கிடங்கை விட்டு வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் உண்டு. எடுத்த மருந்து அதில் பற்று வைக்கப்படும். பிற மாநிலங்களும் வெளிநாட்டாரும் வந்து பார்த்துப்போகும் ஏற்பாடு இது. இதிலும் குறைகள் உண்டு. மருந்து தட்டுப்படும் நாட்களும் உண்டு. ஆனாலும் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரை மட்டமானது என்று எண்ணுகிறவர்கள், அந்த மாத்திரை எத்தனை வாசல்களைக் கடந்து வருகிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மிஷன் மருத்துவமனைகளுக்கு அந்தக் கிடங்கு கிடையாது. நாம் வெளியில்தான் வாங்குகிறோம். அங்கேதான் உங்கள் காணிக்கை எப்படிச் செலவாகிறது என்ற கேள்வி வருகிறது. ஒரே மருந்தை மூன்று விலையில் மூன்று பேர் தருவார்கள். மிகக் குறைந்த விலைக்கு எடுத்தால் இன்னும் நூறு பேருக்குக் கொடுக்கலாமே என்று எந்த நிர்வாகக் குழுவிலும் யாராவது ஒருவர் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். குறைந்த விலை தானாகவே குற்றமாகாது. தரமான மருந்துகள் எத்தனையோ மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் யார் செய்தது, அந்தத் தொகுதியின் சோதனைச் சான்று எங்கே, எந்த மொத்த வியாபாரியின் கைகள் வழியாக வந்தது என்று கேட்க ஒரு மருந்தாளுநர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சந்தேகமான தொகுதியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பப் பணம் வேண்டும். "ஆய்வகக் கட்டணம்" என்ற தலைப்பில் யாரும் காணிக்கை அனுப்புவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். அதில் படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை.

வேதத்தில் உக்கிராணக்காரன் என்ற சொல்லை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். எஜமானின் பண்டகசாலையைக் காக்கிறவன் அவன். மருத்துவமனையில் அந்த வேலை, ஒவ்வொரு மருந்துக்கும் அலமாரியில் தொங்கும் இருப்பு அட்டையில் இருக்கிறது: வந்த தேதி, தொகுதி எண், காலாவதி மாதம், எடுத்த அளவு, மீதி. முதலில் காலாவதியாகப் போவது முன்வரிசையில், பின்னால் காலாவதியாவது பின்வரிசையில். கேட்பதற்கு மளிகைக்கடை வேலை போல இருக்கிறது. அதுவேதான்.

அந்தக் குழந்தைக்குச் சிரப்பு வேண்டுமா?

முன்னே சொன்ன கேள்விக்கு வருகிறோம். நஞ்சு கலக்காத நல்ல சிரப்பாகவே இருந்தாலும் அது இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேவையில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது; தானாகவே சில நாட்களில் தணிவது. மூன்று மருந்துகளைக் கலந்த சிரப்பு அதன் நாட்களைக் குறைப்பதில்லை. 2023 டிசம்பரில், குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். பாரசியா மரணங்களுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 3-ல், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம் என்று சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அறிவுறுத்தியது.

உலக சுகாதார நிறுவனம் 1977-ல் முதன்முறையாக அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருநூற்றுச் சொச்சம் மருந்துகளே இருந்தன. ஒரு நாட்டு மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு அவ்வளவே போதும் என்பது அப்போது பலருக்கு வியப்பாக இருந்தது. மருந்துக் கம்பெனிகளுக்குக் கோபமாகவும் இருந்தது. பட்டியல் பிறகு வளர்ந்தது. ஆனால் இப்படிப்பட்ட சளிக் கலவைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. பண்டகசாலையில் குறைந்த வகைகளை வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றையும் நன்றாகச் சோதிக்கவும் காக்கவும் முடியும். முப்பது வகைச் சிரப்பு வைத்திருப்பவருக்கு முடியாது.

நம்மிடம் வரும் தாய்மாருக்கு இதைச் சொல்வது எளிதல்ல. தறிக்குழியிலிருந்து எழுந்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்தவரிடம், "மருந்து வேண்டாம்மா, சரியாகிவிடும்" என்றால், டாக்டர் பார்க்கவே இல்லை என்று போகிற வழியில் மருந்துக் கடையில் நின்று ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே வெறுங்கையாய் அனுப்புவதில்லை. தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுப்பது, மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குக் கொஞ்சம் தேன், காய்ச்சல் அடித்தால் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். முக்கியமாக, எதைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்று காட்டிக்கொடுக்க வேண்டும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுகிறோம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை ஐம்பதும் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் அது வெறும் சளி அல்ல; நிமோனியாவாக இருக்கலாம். பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் போவது குறைந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை. ஆனால் ஒரு செவிலியருக்கு இதற்கென்று நேரம் ஒதுக்குவதும் "மருந்துக்காக" அனுப்பிய காணிக்கையில் சேர்ந்ததே என்று நினைக்கிறோம்.

கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்து இரண்டு, மூன்று என்று வாங்கும் வழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது. கூலிக்காரருக்கு முழு அட்டைக்குக் காசிருக்காது. அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கத்தரித்த துண்டில் பல சமயம் அது இருக்காது.

சாட்சியைச் சுமக்கும் குப்பி

தடுப்பு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில தடுப்பு மருந்துக் குப்பிகளின் மேல் சிறு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கலாம். 1996-ல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்தது இது. வெப்பம் பட்டால் உள்ளேயிருக்கும் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தள்ளிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கூடப் பார்த்துச் சொல்லலாம். ஆலையிலிருந்து கிராமம் வரை தான் பட்ட வெயிலுக்குக் குப்பியே சாட்சி சொல்லுகிறது. சிரப்புப் புட்டிக்கு அப்படியொரு சாட்சி இல்லை.

ஆனால் அந்தச் சதுரம் வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி போன்ற தடுப்பு மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். மறுபடி உருகிய பின் பார்வைக்கு அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவேதான் இரண்டு முதல் எட்டு டிகிரி என்ற வரம்பைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அந்தக் குளிர்பெட்டிக் கதவில் மதியச் சாப்பாட்டுத் தயிரை வைக்கக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பதும் அதனால்தான். அடிக்கடி திறந்தால் குளிர் நில்லாது.

அன்பளிப்பாக வரும் மருந்துகள்

இனி எழுதுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அன்போடு ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறோம். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு மீந்த மாத்திரைகள், பாதி குடித்த சிரப்புகள், மருத்துவர்களுக்குக் கம்பெனிக்காரர் கொடுத்த மாதிரிகள் ஆகியவற்றைப் பெட்டியில் கட்டி "ஏழைகளுக்கு" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் இருக்கும் அன்பை நாங்கள் அறிவோம். ஆனால் திறந்த புட்டியை யாருக்கும் கொடுக்க முடியாது. தொகுதி எண் இல்லாத மாத்திரையைப் பற்றிப் பின்னால் ஓர் எச்சரிக்கை வந்தால் தேட முடியாது.

உலகம் முழுவதற்கும் உள்ள சங்கடம் இது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி யாரும் கேட்காதது. பலவற்றின் சீட்டு அங்குள்ள செவிலியருக்குப் புரியாத மொழியில் இருந்தது. அதை அழிப்பதற்கே தனியாகச் செலவாயிற்று. இப்படி நடக்கக் கூடாதென்றுதான் 1996-லேயே மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகள் வெளிவந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கம் முதலியவற்றோடு உலகத் திருச்சபைகள் மன்றத்தின் சுகாதாரப் பிரிவும் சேர்ந்து வெளியிட்டது அது. பெறுகிறவர் கேட்டதையே கொடுக்க வேண்டும். கொடுக்கிற நாட்டில் தரமில்லை என்று தள்ளியதைப் பெறுகிற நாட்டுக்கு அனுப்பக் கூடாது. வந்து சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது இருக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து வேண்டாம். ஏழைக்கு இது போதும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

ஆகவே மருந்துப் பெட்டிகளுக்குப் பதிலாகப் பணமாகவே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கே அனுப்பினாலும், நம் மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ, கேட்க உங்களுக்கு உரிமையுள்ள ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறோம்: "இன்று காலை ஒரு தொகுதி எண்ணைச் சொல்லி, அது கெட்டது என்று செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதி உங்களிடம் வந்ததா, யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள்?"

1937-ல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அந்தச் சல்ஃபனிலமைடு மருந்தைத் தேடிப் புறப்பட்டபோது கையில் இருந்தது விற்பனைச் சீட்டுகளும் மருந்துக் கடைக்காரரின் குறிப்புகளும்தான். ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், ஆலையில் செய்த 240 காலனில் 234 காலனுக்கு மேல் மீட்டுவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டது மீதமிருந்த ஆறு காலனால்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மருத்துவமனைக்கு மூன்று பதிவேடுகள் வேண்டும். வாங்கியதற்கு ஒன்று, பண்டகசாலையிலிருந்து வார்டுக்கும் புறநோயாளி மருந்தகத்துக்கும் கொடுத்ததற்கு ஒன்று, அங்கிருந்து நோயாளிக்குக் கொடுத்ததற்கு ஒன்று. மூன்றிலும் தொகுதி எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அநேக இடங்களில் முதல் இரண்டில் அது இருக்கும். மூன்றாவதில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். காலை பத்து மணிக்கு இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொரு புட்டிக்கும் எண்ணைப் பார்த்து எழுத ஜன்னலில் இன்னொரு ஆள் வேண்டும்.